ஒரே இரவு அழைப்பு தம்பிக்கு மறந்துவிட்டது, எனக்கு ஏன் மறக்கவில்லை? பதற்றம், நிச்சயமின்மை, அச்சம் பற்றிய ஒரு கேள்வி

கேள்வி: வைகைக்கரை

2022 மார்ச்சில் ஓர் இரவு 2.10 மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அப்பாவுக்கு மாரடைப்பு என்றும், மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்றும் தம்பி சொன்னான். அப்பா அங்கே 19 நாள்கள் இருந்தார். கைக்குழந்தையுடன் நான் சென்னைக்கும் மதுரைக்குமாக அலைந்துகொண்டிருந்ததால், அவற்றில் பாதி நாள்கள் எனக்கும் அந்த மருத்துவமனைக்கும் இடையே இருந்த ஒரே தொடர்பு கைப்பேசிதான். இரவு அழைப்புகள் பல வந்தன. சில, இரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதற்காக. சில, மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பதாகச் சொல்வதற்காக. இரண்டு மட்டும், உடனே புறப்பட்டு வரச் சொல்வதற்காக. எடுத்துப் பேசும் வரை எது எதற்கான அழைப்பு என்று தெரியாது.

இப்போது அப்பா நலமாக இருக்கிறார். மாத்திரைகளைத் தவறவிடுவதில்லை, காலையில் நடைப்பயிற்சிக்குப் போய், டீக்கடையில் நாளிதழ் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். ஆனால் இரவு ஒன்பது மணிக்குமேல் என் கைப்பேசி ஒலித்தால் இன்றும் உள்ளங்கை வேர்த்து, அடிவயிறு இறுகிப்போகிறது. அழைப்பு மணியின் இசையை மாற்றிப் பார்த்தேன். இரண்டே வாரத்தில் புதிய இசையும் அதே வேலையைச் செய்யத் தொடங்கியது. ஒருமுறை பேருந்தில் முன்னிருக்கைக்காரரின் கைப்பேசியில் என் பழைய இசை ஒலித்தபோது, அது என் கைப்பேசி இல்லை என்று தெரிந்தும் கை தானாகப் பையைத் துழாவியது. ஒலியை முழுவதும் நிறுத்திவைத்தேன். அது இன்னும் மோசம். அழைப்பு வந்ததா வரவில்லையா என்றே தெரியாத நிலையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு இப்படி எதுவும் இல்லை. அந்த 19 நாள்களும் ஐ.சி.யூ. வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்தவன் அவன்தான். என்னைவிடக் கூடுதலாகப் பார்த்தவனும் அவன்தான். இன்று இரவு பதினோரு மணிக்கு அழைத்தாலும் அரைத் தூக்கத்தில் எடுத்து, சாதாரணமாகப் பேசிவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறான்.

நான் பொதுவாகப் பயந்த சுபாவம் உடையவள் அல்ல. மேடையில் பேசுவேன், இரவுப் பேருந்தில் தனியாகப் பயணம் செய்வேன். ஆனால் ஒன்று எப்படி முடியும் என்று தெரியாமல் காத்திருப்பது மட்டும் என்னால் இயலாது. தேர்வு முடிவுக்கு முந்தைய வாரம் எனக்குத் தோல்விச் செய்தியைவிடக் கொடுமையானது. ஆலோசனைக்குச் சென்ற இடத்தில் இதைப் பதற்றம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பதற்றமும் நிச்சயமின்மையைத் தாங்க முடியாமையும் ஒன்றுதானா? ஒரே நிகழ்விலிருந்து இருவர் இவ்வளவு வேறுபட்ட பாடத்தைக் கற்பது எப்படி?

மறுமொழி 1: விரல்நுனி

உளவியலில் முதுகலை படித்தபோது இரண்டு ஆண்டுகள் அச்சக் கற்றல் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். தங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்குத்தான் நான் விடை சொல்ல முடியும். அதிலிருந்தே முதல் பகுதிக்கும் வழி கிடைக்கும் என்று நம்புகிறேன்.

பாவ்லோவின் நாயை நம் ஊரில் பி.எட். படித்த அனைவரும் அறிவர். மணியொலியும் உணவும் சேர்ந்து வந்தால், பிறகு மணியொலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். உணவு தராமல் மணியை மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தால் எச்சில் ஊறுவது குறைந்து நின்றுவிடும் என்பதையும், சிறிது ஓய்வுக்குப் பிறகு அதே மணியை ஒலித்தால் எச்சில் மறுபடி ஊறும் என்பதையும் பாவ்லோவே கண்டறிந்திருந்தார். என் பார்வையில் அந்த இரண்டாம் பாதிதான் முக்கியமானது. அச்சம் தணியும்போது பழைய பாடம் அழிவதில்லை. இந்தச் சமிக்ஞைக்குப் பின் இப்போது ஆபத்து இல்லை என்ற இன்னொரு பாடம் அதன் பக்கத்தில் சேர்கிறது. இரண்டு பாடங்களும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. தாங்களும் தம்பியும் முதல் பாடத்தை ஏறக்குறைய ஒரே அளவில்தான் கற்றிருப்பீர்கள். இரண்டாவது பாடத்தைத் தம்பி கற்றுவிட்டார். தங்களுக்கு அது இன்னும் முடியவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படிச் சோதிக்கிறோம் என்று சொல்கிறேன். பங்கேற்பாளரின் இரண்டு விரல்நுனிகளில் பசை தடவி மின்முனைகளைப் பொருத்துவோம். மனம் விழிப்படையும்போது வியர்வைச் சுரப்பிகள் இயங்கி, தோலின் மின்கடத்துதிறன் சற்றே உயரும். திரையில் ஒரு கோடு ஏறி இறங்குவதாக அது தெரியும். அவருக்கு முன்னால் இரண்டு வண்ணச் சதுரங்கள் மாறிமாறித் தோன்றும். ஒன்றுக்குப் பின் ஒரு பெண்ணின் அலறல் போன்ற கொடிய ஒலி வரும்; மற்றதற்குப் பின் எதுவும் வராது. விரைவிலேயே முதல் சதுரத்துக்கு மட்டும் கோடு ஏறத் தொடங்கும். பிறகு, எதையும் அறிவிக்காமல், ஒலியை நிறுத்திவிடுவோம். இப்போது கோடு எவ்வளவு விரைவாகப் படுக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஜேன் மோரிஸ் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு தங்கள் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. நலமான 22 பேரை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் வைத்து, மேற்சொன்ன சோதனையை நடத்தினார்கள். அதோடு அவர்களிடம் நிச்சயமின்மையைத் தாங்கும் திறன் பற்றிய வினாத்தாள் ஒன்றையும் பொதுவான பதற்றம் பற்றிய வினாத்தாள் ஒன்றையும் நிரப்பி வாங்கினார்கள். ஒலி நின்ற பிறகு, நிச்சயமின்மையைத் தாங்கக்கூடியவர்கள் தொடக்கத்தில் ஆபத்துச் சதுரத்துக்கு மட்டும் அதிர்ந்து, போகப்போக இரண்டு சதுரங்களையும் ஒன்றுபோல் பார்க்கத் தொடங்கினார்கள். தாங்க இயலாதவர்களோ, ஒலி நின்ற தொடக்கத்தில், அதுவரை ஒருமுறைகூடத் தீங்கு செய்யாத பாதுகாப்பான சதுரத்துக்கும் சேர்த்தே அதிர்ந்தார்கள்; இறுதிவரை ஆபத்துச் சதுரத்தின்மீதான அச்சத்தையும் விடவில்லை. விரல்நுனி வியர்வையிலும், மூளையில் அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாட்டிலும் இது தெரிந்தது. பொதுவான பதற்றத்தின் மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தபோது இந்த வேறுபாடு தென்படவில்லை என்பதுதான் தாங்கள் கேட்டதற்கு நேரான செய்தி.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒலி வராத ஒவ்வொரு முறையும் தம்பியைப் போன்றவருக்கு ஒரு விடை: ஆபத்து முடிந்தது. தங்களைப் போன்றவருக்கு அதே நிகழ்வு இன்னொரு கேள்வி: இந்த முறை வரவில்லை, அடுத்த முறை? அச்சத்தைத் தாங்கள் கூடுதலாகக் கற்றீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பது தங்களுக்குச் செய்தியாகச் சேரவில்லை.

அதே குழுவினர் பின்னர் செய்த இன்னொரு ஆய்வும் இதை உறுதிப்படுத்துகிறது. இனி ஒலி வராது என்று முன்னதாகவே வாயால் சொல்லிவிட்டபோது, நிச்சயமின்மையைத் தாங்க இயலாதவர்களுக்கும் அச்சம் தணிந்தது. கற்கும் திறன் கெட்டுப்போயிருந்தால் ஒரு வாக்கியம் அதைச் சரிசெய்திருக்காது.

மறுமொழி 2: சராசரி விலக்கம்

மேலே எழுதியவரின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 22 பேரைக் கொண்ட ஆய்வு ஒன்றை வைத்து ஒருவர் தன்னைப் பற்றி முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்ற அக்கறையால்தான் இதைச் சொல்கிறேன். பின்னர் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இத்தொடர்பு இருந்தது, ஆனால் அதன் அளவு சிறியது. நிச்சயமின்மையைத் தாங்க இயலாமை அச்சம் தணியாமைக்கான காரணங்களுள் ஒன்று. அதுவே காரணம் என்று சொல்ல இயலாது.

பதற்றக் கோளாறு உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளையும் புறந்தள்ள வேண்டாம். 2015இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, கோளாறு உள்ளவர்கள் கற்கும் கட்டத்தில் பாதுகாப்பான சமிக்ஞைக்கும் கூடுதலாக அஞ்சுகிறார்கள். தணியும் கட்டத்தில் ஆபத்துச் சமிக்ஞையின்மீதான அச்சத்தை நீண்ட நேரம் வைத்திருக்கிறார்கள். மேலே சொல்லப்பட்ட சித்திரத்தோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஆகவே பதற்றம் வேறு, நிச்சயமின்மை வேறு என்று கத்தியால் வெட்டியதுபோல் பிரிக்க முடியாது. பதற்றம் என்ற பெரிய வீட்டுக்குள் இது ஓர் அறை. ஆனால் அந்த அறைக்குத் தனிச் சாவி இருக்கிறது என்பதுதான் இப்போதைய நிலை. அந்தச் சாவியைச் செய்தவர்கள் கனடாவின் கியூபெக் பகுதி ஆய்வாளர்கள். 1994இல் அவர்கள் பிரெஞ்சு மொழியில் 27 கூற்றுகளைக் கொண்ட வினாத்தாளை வெளியிட்டார்கள். 2007இல் அது 12 கூற்றுகளாகச் சுருக்கப்பட்டது. அந்த 12இல் ஒரு பகுதி, வரப்போவதை முன்கூட்டியே அறிந்தாக வேண்டும் என்ற தவிப்பை அளக்கிறது. மறு பகுதி, தெரியாதபோது கைகால் ஓடாமல் உறைந்துபோவதை அளக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்ப்பது முதல் வகை என்று தோன்றுகிறது.

தங்கள் கதையில் இதுவரை யாரும் தொடாத ஒன்று இருக்கிறது. அந்த 19 நாள்களில் எல்லா அழைப்புகளும் கெட்ட செய்தி கொண்டுவரவில்லை. எப்போதும் ஆபத்தைக் கொண்டுவந்த சமிக்ஞையைவிட, சில நேரம் மட்டும் கொண்டுவந்த சமிக்ஞையின் பாடம் மறைவதற்கு நீண்ட காலம் எடுக்கும் என்பது 1930களிலிருந்தே அறிந்த செய்தி. காரணம் எளிய கணக்குதான். பத்து முறையும் கெட்ட செய்தி வந்து, பதினோராவது முறை வராவிட்டால், ஏதோ மாறிவிட்டது என்று உடனே தெரியும். பத்தில் இரண்டு முறை மட்டும் வந்திருந்தால், தொடர்ந்து எட்டு முறை வராமலிருப்பதுகூட எதையும் மெய்ப்பிக்காது. அந்த மருத்துவமனை நாள்களின் கணக்கின்படி, இன்று இரவு வரும் சாதாரண அழைப்பு முற்றிலும் எதிர்பார்க்கத்தக்கது. அதனால்தான் அது எதையும் கற்றுத்தருவதில்லை.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016இல் 45 பேரை ஒரு கணினி விளையாட்டு ஆடச் செய்தார்கள். திரையில் தோன்றும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும் மின்னதிர்ச்சி. கட்டாயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்ற சரிபாதி நிலையில்தான் மன அழுத்தம் உச்சத்தில் இருந்தது. வியர்வையும் கண்மணியின் விரிவும் அதையே காட்டின. தேர்வு முடிவுக்கு முந்தைய வாரம் தோல்விச் செய்தியைவிடக் கொடுமையானது என்று தாங்கள் எழுதியது தங்களுக்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. எல்லோருக்கும் இருப்பதன் அளவு தங்களிடம் கூடுதலாக இருக்கலாம்.

மறுமொழி 3: திண்ணை

நான் மருத்துவ உளவியலாளர். அச்சமும் பதற்றமும் உள்ளவர்களோடுதான் என் வேலை நாள்கள் கழிகின்றன. நேரில் பார்க்காத ஒருவருக்கு நான் சிகிச்சை சொல்ல முடியாது என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆனால் மேலே வந்த விளக்கங்கள் நடைமுறையில் எங்கே உதவுகின்றன, எங்கே வழுக்குகின்றன என்பதைச் சொல்வது பயன்படலாம்.

இனி ஒலி வராது என்று சொன்னதும் அச்சம் தணிந்தது என்ற ஆய்வைப் படிக்கும்போது, அப்படியானால் யாராவது எனக்கு உறுதி சொல்லட்டும் என்றுதான் வாசிப்பவரின் மனம் போகும். ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளரின் சொல் உண்மை. அவர் கருவியை நிறுத்திவிட்டார். தங்கள் அப்பாவின் இதயத்தைப் பற்றி அப்படி ஒரு வாக்கை யாராலும் தர முடியாது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு ஆபத்து பூஜ்யம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். சொன்னால் தாங்கள் நம்பவும்மாட்டீர்கள். அந்த நம்பாமை சரியானதே. எனவே தங்கள் விஷயத்தில் இலக்கு, ஆபத்தே இல்லை என்ற அறிவு அல்ல. இரவில் மணி ஒலிப்பதற்கும் அப்பாவின் உயிருக்கும் இடையே அந்த 19 நாள்களில் விழுந்த முடிச்சு மட்டும் தளர்ந்தால் போதும்.

அதற்கு ஒரு கேள்வி. இரவில் அழைப்பு வராத நாள்களில் தாங்களே வீட்டுக்கு அழைத்து, அப்பா தூங்கிவிட்டாரா என்று கேட்பதுண்டா? என்னிடம் வருபவர்களில் பலர் அப்படிச் செய்கிறார்கள். அதைப் பாசம் என்றே நினைக்கிறார்கள், பாசம்தான். ஆனால் கற்றலின் கண்ணோட்டத்தில் அது வேறொன்றும் செய்கிறது. ஒன்றும் நடக்காத இரவின் பெருமை முழுவதும் அந்தச் சரிபார்ப்புக்குப் போய்விடுகிறது: நான் கேட்டுக்கொண்டதால்தான் தூங்க முடிந்தது என்று மனம் எழுதிக்கொள்கிறது. இரவு தானாகவே பாதுகாப்பாக முடிந்தது என்ற பாடம் எழுதப்படுவதற்கு இடமே கிடைப்பதில்லை.

கலிபோர்னியாவில் மிஷல் கிராஸ்க் என்ற உளவியலாளர் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அச்சம் குறையும் வரை அமர்ந்திருங்கள் என்று அதில் சொல்வதில்லை. என்ன நடக்கும் என்று தாங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, நடந்ததை அதனோடு ஒப்பிடச் சொல்வார்கள். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் இடையே உள்ள தூரம்தான் பாடம் புகுவதற்கான வாசல். அந்த வாசலைத்தான் நிச்சயமின்மை மூடிவிடுகிறது. ஏனெனில் ஏதாவது நடக்கலாம் என்ற எதிர்பார்ப்பை எந்த நிகழ்வாலும் பொய்யாக்க முடியாது. எனவே அதை உடைத்து எழுதச் சொல்வேன்: இன்று இரவு பத்து மணிக்கு மணி ஒலித்தால், முதல் வாக்கியத்திலேயே மருத்துவமனை என்ற சொல் வரும் என்று எத்தனை விழுக்காடு நம்புகிறேன்? என்னிடம் வந்த ஒருவர் எண்பது என்று எழுதினார். அன்று அவருக்கு வந்த அழைப்பு, குக்கர் கேஸ்கட் எங்கே வைத்தாய் என்று கேட்பதற்காக.

பேருந்தில் கை தானாகப் பையைத் துழாவியதற்கும் ஒரு சொல். ஓரிடத்தில் தணிந்த அச்சம் வேறோர் இடத்தில் மீண்டும் தலைகாட்டும் என்பதை மார்க் பௌட்டன் என்ற ஆய்வாளர் விலங்குகளிடம் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். வீட்டில் தணிந்து, மருத்துவமனை நடைபாதையில் மீண்டும் எழுந்தால், முயற்சி தோற்றுவிட்டது என்று எண்ண வேண்டாம். பாதுகாப்பின் பாடம் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மையது; பல இடங்களில், பல நேரங்களில் கற்றால்தான் அது பரவும்.

மறுமொழி 4: விரல்நுனி

திண்ணை அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். உறுதிமொழி பற்றி நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும். அவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2015இல் எலிகளிடமும் மனிதர்களிடமும் நடந்த ஓர் ஆய்வில், மின்னதிர்ச்சியை வெறுமனே நிறுத்தாமல், அது வரும் இடத்தில் ஒரு மெல்லிய ஒலியை வைத்தார்கள். ஒன்றும் வராமல் விட்டதைவிட, தீங்கற்ற ஒன்று வந்தபோது அச்சம் மீண்டும் தலைகாட்டுவது குறைந்தது. வெறுமை விடையளிப்பதில்லை, ஏதோ ஒன்று விடையளிக்கிறது என்று நான் அதைப் படித்தேன். வைகைக்கரை அவர்களின் அம்மா, வாரத்தில் சில இரவுகள், தானே விரும்பிய நேரத்தில் அழைத்து ஏதாவது சிறு சேதி சொல்வது அதற்கு ஒப்பாகுமா, அல்லது அதுவும் உறுதி தேடுவதாகிவிடுமா?

மறுமொழி 5: திண்ணை

நல்ல கேள்வி. யார் அழைக்கிறார்கள், எதற்காக என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. தான் கேட்டு, பதிலாக அப்பா நலம் என்று பெறுவது உறுதி தேடுவது. எப்போது ஒலிக்கும் என்று தெரியாத மணி ஒலித்து, அதன்பின் முருங்கைக்கீரை விலையைப் பற்றிய பேச்சு வருவது கற்றல். ஆனால் அம்மா எடுத்ததும் பயப்படாதே, எல்லோரும் நலம் என்று தொடங்கக் கூடாது. அப்படித் தொடங்கினால், அந்த வாக்கியம் வராத அழைப்புகள் எல்லாம் மேலும் அச்சமூட்டும்.

மறுமொழி 6: வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவில் நானே அழைத்துக் கேட்பதுண்டா என்று திண்ணை அவர்கள் கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆம், ஒன்பதேகால் மணிக்கு, நாள் தவறாமல், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக. அம்மா சில நேரம் தூக்கத்திலிருந்து எழுந்துவந்து எடுக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

பத்தில் இரண்டு என்ற கணக்கைப் பலமுறை படித்தேன். உடனே புறப்பட்டு வரச் சொன்ன அந்த இரண்டு அழைப்புகளும் அதே இசையோடுதான் வந்தன, மருந்துச் சீட்டுக்கான அழைப்புகளும் அதே இசையோடுதான் வந்தன. தம்பி அங்கேயே இருந்ததால் அவனுக்கு மணியொலி தேவைப்படவில்லை. மருத்துவர் கதவைத் திறந்து வந்து முகத்துக்கு நேரே சொன்னார். எனக்கு எல்லாமே மணியொலிக்குள் இருந்தது. இருவரும் ஒரே நிகழ்வைச் சந்தித்ததாக நான் நினைத்திருந்ததே தவறோ என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவிடம் பேசிவிட்டேன். எதற்கு என்று முழுவதும் விளக்கவில்லை; தோன்றும்போது, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள், நலம் விசாரிக்க வேண்டாம், வேறு எதையாவது சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். நேற்று இரவு 9.40க்கு மணி ஒலித்தது. எடுப்பதற்கு முன் தாளில் எழுபது என்று எழுதினேன். எடுத்ததும், மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழியவிட்டதைப் பற்றி அம்மா பத்து நிமிடம் பேசினார். அப்பா பின்னால் இருமுவது கேட்டது. கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கவில்லை.